வாசகர் கேள்வி - பதில்: மலையடிவாரத்து ஊர்கள்

கேள்வி: கோடை விடுமுறைக்குத் தங்கை குடும்பம் மதுரைக்கு வருகிறது. மீனாட்சியம்மன் கோயிலும் மகாலும் பார்த்தாயிற்று. இ-பாஸ் போட்டுக் கொடைக்கானல் மலைப்பாதையில் காத்துக் கிடக்க மனசில்லை. முழங்கால் வலியுள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு அரை நாளில் போய்வர ஓர் ஊர் சொல்லுங்களேன்.
- வாசகி, கே.கே.நகர்

பதில்: கீழக்குயில்குடி. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை போய் இடதுபக்கம் பிரிய வேண்டும். சமணர் மலையடியில் தாமரைக் குளம், ஆலமரம், ஐயனார் கோயில். அம்மா ஆலமர நிழலிலேயே இருந்துகொள்ளட்டும், மற்றவர்கள் ஏறலாம்.

கோடையில் காலை ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு பாறை கொதிக்கும், மேலே ஒதுங்க நிழல் கிடையாது. தேய்ந்த ரப்பர் செருப்போடு ஏற வேண்டாம். பாறையில் கறுப்புக் கறுப்பாகக் கோடு இறங்கியிருக்கும். மழைத் தண்ணீர் வடிகிற தடம் அது. காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, நனைந்துவிட்டால் பாசி வழுக்கும்.

செட்டிப்புடவுக்குச் சில படிகள்தான். புடவு என்றால் குகை. வெளியே உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் (சமண குரு) சிலையோடு நின்றுவிடாமல், குனிந்து உள்ளே போங்கள். வளைந்த பாறையில் சிங்கத்தின் மேலிருந்து வில்லை வளைக்கிறாள் ஒரு பெண். எதிரே யானை மேல் ஒருவன். டார்ச்சை நேராக அடித்தால் சிற்பம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் பிடியுங்கள், நாண் இழுத்த கை எழும்பி வரும். அதே மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடம் இன்னும் மேலே. அங்கே சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து) இருக்கிறது. படிப்பதற்காகச் சாக்பீஸ் தேய்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: பறவை பார்க்க மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி போனோம். பத்து மணி வரை சுற்றியும் மயிலும் காக்கையும்தான். ஏன்?
- வாசகர், செல்லூர்

பதில்: எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று எழுதவில்லையே! ஒன்பதுக்கு மேல் என்றால் அதுதான் காரணம். வெயில் ஏறினால் சின்னப் பறவைகள் புதருக்குள் அடங்கிவிடும். கழுகு, வல்லூறு வகைகள் சூடான காற்றில் புள்ளியாகும்வரை மேலே போய்விடும். ஆறரைக்கே கண்மாய்க் கரையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். கண்மாயில் தண்ணீர் நிற்கிற மார்கழி, தை நல்லது.

லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு இரண்டும் அங்கே உண்டு. 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இந்த ஊரை அறிவித்ததற்கு இவையும் ஒரு காரணம். வானத்தைத் துழாவாதீர்கள், பாறை முகத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு ஊற்றினாற்போல் வெள்ளை வடிந்திருந்தால் அது எச்சம். பறவை வழக்கமாக உட்காரும் இடம். தூரத்திலேயே பைனாகுலரோடு அரைமணி காத்திருங்கள். கிட்டே போனால் குஞ்சை விட்டுப் பறந்துவிடும். பாறையில் மலைத்தேன் கூடு தொங்கினால் சென்ட், புகை, ட்ரோன் எதுவும் கூடாது; கொட்டினால் கும்பலாகத்தான் கொட்டும்.

கேள்வி: இந்த ஊர்களில் சாப்பாடு கிடைக்குமா?
- வாசகி, மேலூர்

பதில்: டீக்கடையை நம்பலாம், ஓட்டலை நம்ப வேண்டாம். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். பாலிதீன் பையைப் போட்டுவிட்டு வராதீர்கள், ஆடு தின்றுவிடும்.