ஃபேர்னஸ் மாற்ற ஆள் பிடிக்க முன்னம்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாங்கிய வீட்டில், வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸுக்கு 22 வயது, ஏசிக்கும் அதே வயது. தெரிந்த ஒருவர் பில் இல்லாமல் கைக்காசுக்குப் பாதி விலையில் மாற்றித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் கதவைத் தட்டி, இப்போது ஒரு சதமும் வேண்டாம், மாத வாடகை மட்டும் கட்டுங்கள் என்கிறார். எந்த பிராண்ட் நல்லது, குளிரில் சூடும் கோடையில் குளிரும் தரும் ஹீற் பம்ப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பிராண்டை விடுங்கள். ஒரே நிறுவனம் ஒரே பெட்டியை இரண்டு மூன்று பெயரில் விற்கிறது. ஹீற் பம்ப் நல்ல சாமான்தான், ஆனால் வீட்டின் டக்ற்றையும் (அறைகளுக்குக் காற்றுப் போகும் தகரக் குழாய்) மின் பிரேக்கர் பெட்டியையும் பாராமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் சனம் திரும்பத் திரும்ப அடிபடுவது யார் கையால் பொருத்துவிக்கிறோம், எதில் கையெழுத்து வைக்கிறோம் என்பதில்தான். நாங்கள் வந்து இறங்கிய காலத்தில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. நீங்கள் கேட்டபடியால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கதவைத் தட்டியவர். ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணீர் ராங்க், தண்ணீர் ஃபில்ரர் போன்றவற்றை நீங்கள் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து விற்பதோ வாடகைக்கு எழுதுவதோ ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் சட்டவிரோதம். அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. பொருத்திவிட்டுப் போயிருந்தால் சாமானை நீங்களே வைத்திருக்கலாம், காசு கட்ட வேண்டியதில்லை. இது தெரிந்துதான் இப்போது 'இலவச எனர்ஜி சோதனை', 'அரசாங்கத் திட்டம்' என்று வேறு பெயரில் வருகிறார்கள். அல்லது தொலைபேசியில் கதைத்து, நீங்களே 'வாருங்கள்' என்று சொல்ல வைத்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் முறைப்படி அழைத்தவரிடம் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ரத்தை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்குச் சாட்சி வைத்திருங்கள். அந்த 10 நாளும் கழியும்வரை சாமானைப் பொருத்த விடாதீர்கள்.

வாடகைக் கணக்கை ஒருதரம் போட்டுப் பாருங்கள். மாதம் 99 டொலர், 10 வருடம் என்று வைப்போம். 120 மாதத்துக்கு 11,880. எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி 13 வீதம் சேர, 13,424. சின்ன எழுத்தில் 'வருடம் 3.5 வீதம் கூட்டலாம்' என்று ஒரு வரி இருந்தால் அது 15,700க்கு மேலே போய்விடும். அதற்குப் பிறகும் சாமான் உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பல ஒப்பந்தங்களில் இராது. முன்பு இந்த நிறுவனங்கள் உங்கள் வீட்டு உறுதியின் மேல், நோசி என்று சொல்லும் ஒரு பதிவைப் போட்டுவிடும். வீட்டை விற்கப் போகும் நாளில்தான் வழக்கறிஞர் அதைக் கண்டுபிடிப்பார். 2024 ஜூன் 6 முதல் வீட்டுப் பாவனைச் சாமானுக்கு அந்தப் பதிவு போட முடியாது, பழையவையும் காலாவதியாகிவிட்டன. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருக்கும். 'நோசியைத் தூக்கிவிட்டார்கள், இனி வாடகைக்கு எடுத்தால் பயமில்லை' என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இன்னொரு பயமுறுத்தலும் உண்டு. வந்தவர் ஃபேர்னஸைத் திறந்து பார்த்து, வெப்பமாற்றியில் (எரியும் காஸின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பாகம்) கீறல் விழுந்து வெடித்திருக்கிறது, சிவப்பு ராக் (ஆபத்து என்று எழுதிக் கட்டும் அட்டை) போடவேண்டும், இப்போதே மாற்றாவிட்டால் காஸை நிறுத்துவேன் என்பார். சிவப்பு ராக் உண்மையான விஷயம். உடனடி ஆபத்து என்றால் காஸ் நிறுத்தப்படும், உடனடி ஆபத்து இல்லை என்றால் திருத்துவதற்குத் தவணை எழுதித் தரப்படும். ஆனால் யாரிடம் திருத்தவேண்டும் என்று எந்த ராக்கும் சொல்லாது. வெடிப்பைக் காட்டச் சொல்லுங்கள், படம் எடுங்கள், ராக்கில் எழுதியவரின் சான்றிதழ் இலக்கம் இருக்கிறதா பாருங்கள், பிறகு வேறொரு பதிவுபெற்ற நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். குளிருக்கு ஓர் இரவு மின் ஹீற்றரோடு சமாளிக்கலாம். அவசரத்தில் வைத்த கையெழுத்தோடு 10 வருடம் சமாளிக்க வேண்டிவரும்.

இனி கைக்காசுக்காரர். எங்கள் ஆக்களில் கனபேர் 'அவருக்கு லைசென்ஸ் இருக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர் என்றால் அதையும் கேட்பதில்லை. முப்பது வருடம் இங்கே இருந்தவர்களே இப்படித்தான், எனக்கு இது பெரிய மனக்குறை. ஃபேர்னஸும் ஏசியும் சேர்ந்த வேலைக்கு ஒரு லைசென்ஸ் போதாது.

காஸ் வேலை ரீ.எஸ்.எஸ்.ஏ. என்ற ஒன்ராறியோப் பாதுகாப்பு அமைப்பின் கீழ் வருகிறது. அதில் இரண்டு அடுக்கு. வேலை செய்பவரிடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற சான்றிதழ்களில் ஒன்று இருக்கவேண்டும். ஜி2 இருந்தால் 400,000 பி.ரி.யு. (மணிக்கு எவ்வளவு வெப்பம் என்று சொல்லும் அளவு) வரையுள்ள கருவிகளில் தனியே வேலை செய்யலாம், வீட்டு ஃபேர்னஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். ஜி3 மேற்பார்வையில்தான் செய்யலாம். இது ஆளுக்குரிய அட்டை. இதைத் தவிர, உங்களிடம் காசு வாங்கும் நிறுவனம் எரிபொருள் கொன்ராக்ரராகப் பதிந்திருக்கவேண்டும். இங்கேதான் பிசகுகிறது. பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் ஜி2காரர் சனி ஞாயிறில் உங்கள் வீட்டுக்கு வந்து தன் பெயரில் காசு வாங்கினால், அட்டை உண்மையானது, ஆனால் வேலை பதிவில்லாத வேலை. ரீ.எஸ்.எஸ்.ஏ. இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரியும். விசிற்றிங் கார்ட்டில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள்.

ஏசியும் ஹீற் பம்பும் வேறு தொழில். அதற்கு 313ஏ அல்லது வீட்டு ஏசிக்கான 313டி சான்றிதழ் வேண்டும். தொழிற் சான்றிதழ் வழங்கும் ஸ்கில்ட் ரேட்ஸ் ஒன்ராறியோவின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். குளிரூட்டி வாயுவைக் கையாள ஓ.டி.பி. (ஓசோன் பாதுகாப்புப் பயிற்சி) அட்டையும் தேவை. புதிதாக வயர் இழுத்து பிரேக்கர் போடுவதென்றால் அதை உரிமம் பெற்ற மின் கொன்ராக்ரர்தான் செய்யவேண்டும், அவர் ஈ.எஸ்.ஏ. என்ற மின் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவித்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இவற்றைக் கேட்டால் நல்ல தொழிலாளி கோபிக்கமாட்டார். 'என்னை நம்பவில்லையா தம்பி' என்று கேட்பவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். 5,000 டொலர் வேலைக்கு பில் இல்லாமல் மிஞ்சுவது 650 டொலர் வரி. நாளை ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்கப்போகும் கடதாசி அந்த பில்தான்.

மூன்று பேரையாவது வீட்டுக்கு அழைத்து விலை கேளுங்கள். விலையைவிட, வந்தவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். பழைய பெட்டியின் பெயர்த்தகட்டைப் பார்த்து 'ஒரு லட்சம் பி.ரி.யு., அதே அளவு போடுவோம்' என்பவர் வேலைக்கு உதவாதவர். எஃப்280 என்ற கனடிய முறைப்படி ஒவ்வொரு அறையின் சுவர், யன்னல், கூரைக் காப்பு, காற்றுக் கசிவு எல்லாம் கணக்குப் போட்டுத்தான் அளவு எடுக்கவேண்டும். ஸ்காபரோவுக்கு இந்தக் கணக்கில் எடுக்கும் வெளிக்குளிர் மைனஸ் 20 பாகை செல்சியஸ். பழைய வீடுகளில் முதலிலேயே அளவுக்கு மிஞ்சிய பெட்டிதான் இருக்கும், பிறகு யன்னல் மாற்றி, அற்றிக்கில் (கூரைக்குக் கீழுள்ள வெற்றிடம்) காப்புப் போட்டால் தேவை இன்னும் குறையும். பெரிய ஃபேர்னஸ் சட்டென்று சூடாக்கிச் சட்டென்று நிற்கும். ஹோல் வெக்கை, மேல்மாடி மூலை அறை குளிர். டக்ற்றின் அளவு போதாமல் காற்று முட்டினால் வெப்பமாற்றி அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி நிறுத்தும். அந்தச் சூடும் ஆறலும் மாறி மாறி வந்துதான் உலோகம் வெடிக்கிறது. ஏசியின் அளவை ரன் (ton) என்று சொல்வார்கள், ஒரு ரன் என்பது 12,000 பி.ரி.யு. தேவைக்கு மிஞ்சிய ரன் போட்டால் அறை குளிரும், ஈரம் போகாது, உடம்பு பிசுபிசுக்கும்.

பொருத்துகிற அன்று நீங்கள் வீட்டில் நில்லுங்கள். புதிய ஃபேர்னஸ் புகையைச் சிம்னியால் விடாது, பக்கச் சுவரால் பிளாஸ்ரிக் குழாயில் விடும். அந்தக் குழாயில் எஸ்636 என்று அச்சிட்டிருக்கவேண்டும், சாதாரண வடிகால் பி.வி.சி. கூடாது. குழாயும் இணைப்புகளும் பசையும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்கவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் ஃபேர்னஸ் பக்கமாகச் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, காற்றுப் பாதை அடைபட்டு, கடுங்குளிர் இரவொன்றில் நின்றுவிடும். வெளியே குழாயின் வாய், ஸ்னோ தேங்கக்கூடிய மட்டத்துக்கு மேலே குறைந்தது 12 அங்குலம் இருக்கவேண்டும்.

இதைக் கட்டாயம் கேளுங்கள்: உங்கள் சுடுதண்ணீர் ராங்க் எதால் புகை விடுகிறது? பழைய ஃபேர்னஸும் ராங்க்கும் ஒரே சிம்னியைப் பாவித்திருந்தால், ஃபேர்னஸ் விலகியதும் அந்த அகன்ற சிம்னியில் ராங்க் தனித்துப்போகும். அதன் சிறிய புகையால் அவ்வளவு பெரிய சிம்னியைச் சூடாக்க முடியாது. புகை மேலே ஏறாமல் குளிர்ந்து, ஈரமாகிச் சுவரை அரிக்கும், அல்லது பேஸ்மென்றுக்கே திரும்பும். சிம்னிக்குள் சரியான அளவில் லைனர் என்ற உட்குழாய் இறக்கவேண்டும். பாதி விலைக்காரரின் பட்டியலில் முதலில் காணாமல் போவது இந்த லைனர்தான்.

ஏசி குழாய் ஒட்டும்போது நைதரசன் சிலிண்டர் திறந்திருக்கிறதா பாருங்கள். செப்புக் குழாய்க்குள் நைதரசன் ஓடாமல் சூடாக்கினால் உள்ளே கறுப்புச் செதில் படரும். அது உதிர்ந்து, வாயுவை அளந்து விடும் ஊசித்துளை வால்வில் போய் அடைக்கும். ஒட்டி முடிய நைதரசனால் அழுத்திக் கசிவு பார்த்து, பிறகு வக்கூம் பம்ப் போட்டு உள்ளழுத்தத்தை 500 மைக்ரோனுக்குக் கீழே இறக்கவேண்டும். அதை மைக்ரோன் மீற்றரில்தான் அளக்கலாம். சாதாரண கேஜ்ஜின் ஊசியைப் பார்த்து 'போதும்' என்று சொல்பவர் குழாய்க்குள் ஈரத்தை விட்டுவிட்டுப் போகிறார்.

முடிந்ததும் அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள்: உள்ளே வரும் காஸ் அழுத்தம், பர்னருக்குப் போகும் காஸின் மனிஃபோல்ட் அழுத்தம் (ஒற்றை நிலை ஃபேர்னஸுக்குப் பொதுவாக 3.5 அங்குல நீர்), போகும் காற்றுக்கும் திரும்பும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், டக்ற்றின் மொத்த அழுத்தம். வெப்ப வித்தியாசம் 35 முதல் 65 ஃபாரன்ஹீட் என்பதுபோலப் பெயர்த்தகட்டிலேயே எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் வரவேண்டும். கடைசிப் பங்குக் காசு இந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான். ஒப்பந்தத்தில் உத்தேச விலை என்று எழுதியிருந்தால் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது. உத்தரவாதத்தை நீங்களே தயாரிப்பாளரிடம் பதியுங்கள். பெரும்பாலும் 60 அல்லது 90 நாளுக்குள் பதிந்தால்தான் பாகங்களுக்கு 10 வருடம் கிடைக்கும். கூலிக்கு உத்தரவாதம் தருவது கொன்ராக்ரர், அதைத் தனியாக எழுத்தில் வாங்குங்கள்.

அந்த நாளில் நாங்கள் எல்லாரும் இருந்தது பேஸ்மென்ற்றுகளில். ஃபேர்னஸ் அறை என்றால் அரிசி மூட்டையும் சூட்கேசும் அடுக்கும் இடம், கயிறு கட்டி உடுப்புக் காயப்போடும் இடம். பழைய ஃபேர்னஸ் எரிவதற்கு அந்த அறைக் காற்றையே எடுத்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை. குளிர் வருகிறது என்று கதவிடுக்கில் துவாய் வைத்து அடைத்தோம், பக்கத்து அறையில் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். காலையில் தலையிடி என்றால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தோம். அந்தத் தலைமுறை இப்போது ஃபேர்னஸின் பெயர்த்தகட்டை வாசிக்கும், ஃபில்ரரின் அம்புக்குறியைப் பார்த்துப் போடும். அதில் எனக்குப் பெருமை உண்டு.

உங்கள் பேஸ்மென்றிலும் குடியிருக்க ஆள் வருவதாக எழுதியிருந்தீர்கள். கொன்ராக்ரரைத் தேடுவது நாளைக்கு. இன்று இரவு படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் உள்ள, எங்களுக்கு அன்று தலையிடி தந்திருக்கக்கூடிய மணமற்ற நச்சுவாயுவான காபன் மொனொக்சைட்டுக்கான அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்த வருடம் மாற்றவேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். வருடம் தாண்டியிருந்தால், அல்லது கீழே அலாரமே இல்லை என்றால், கடை பூட்ட முன்னம் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள்.