வயலில் உழைப்பவருக்கு இதயக் குழாயில் அடைப்பு வருமா?

மன்னார்குடியில் தினமும் வயலில் இறங்கும், ஒல்லியான அப்பாவுக்கு எப்படி அடைப்பு வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உழைப்பு நல்ல காவல்தான், அது மட்டும் போதாது. இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு நான்கில் ஒன்றாவது இருக்கும். பின் மூன்றும் வலிக்காது. அதனால்தான் தெரியாமலே வளர்கின்றன.

வெற்றிலையோடு அடக்கும் புகையிலையையும் கணக்கில் சேருங்கள். நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியே ரத்தத்தில் ஏறி, நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் கூட்டும். உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான்; பழைய சோற்றுக்கு மோர்மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும் தொட்டால் காலையிலேயே பெரும்பங்கு போய்விடும்.

கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டக்கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எண்கள் சரியானதும் மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. அந்த எண்ணைப் பிடித்து வைத்திருப்பதே மாத்திரைதான்.