வரவுசெலவுத் திட்டத்தில் மக்களின் பங்கு

கேள்வி: உள்ளாட்சி நிதியை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களே தீர்மானிப்பது நடைமுறையில் சாத்தியமா?

பதில்: சாத்தியமே. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் இதைத் தொடங்கியது. பகுதிதோறும் கூடிய மக்கள் தங்கள் தேவைகளை வரிசைப்படுத்திப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பகுதியின் மக்கள்தொகை, அங்கே இல்லாத அடிப்படை வசதிகள், மக்கள் கொடுத்த முன்னுரிமை ஆகிய மூன்றையும் எடைபோட்டு முதலீட்டு நிதி பகிரப்பட்டதால், நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஏழைக் குடியிருப்புகளுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாய்களும் சென்றன. இந்தப் பகிர்வு விதியையே நான் இதன் உயிர்நாடியாகக் கருதுகிறேன்; வெறும் வாக்கெடுப்பாக நடத்தினால், கூட்டத்துக்கு வர நேரமும் வசதியும் உள்ளவர்களின் விருப்பமே வென்றுவிடும். மக்கள் முடிவுசெய்த பணிகள் எந்த நிலையில் உள்ளன என்பதையும் நிர்வாகம் ஆண்டுதோறும் மக்கள்முன் கணக்குக் காட்ட வேண்டும். இல்லையேல் அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் ஏன் வரவேண்டும்?