மாநகராட்சி ஆனதும் வயல் வீட்டுமனை ஆகிவிடுமா?

கேள்வி: நான் காரைக்குடியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். மாதச் சம்பளம் 48,000 ரூபாய், சேமிப்பு 12 லட்சம், கடன் எதுவும் இல்லை. ஊருக்கு வெளியே 3 சென்ட் மனை 9 லட்சத்துக்கு வருகிறது. டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உள்ள அதே அளவு மனை 18 லட்சம். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, மாநகராட்சி ஆகிவிட்டதால் சீக்கிரமே குடியிருப்புப் பகுதியாகிவிடும்” என்று சொல்லும் தரகர், 50,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது உண்மைதான். ஆனால் உள்ளாட்சியின் தரமோ எல்லையோ மாறுவது வேறு, நிலத்தின் உபயோக வகை மாறுவது வேறு. ஒரு சர்வே எண் குடியிருப்புக்கு உரியதா, விவசாயத்துக்கு உரியதா என்பதை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி உருவாகும் முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) தீர்மானிக்கிறது. அதன் வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் அளித்து, பிறகு அரசின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்பதால், “சீக்கிரமே” என்ற சொல்லை நம்பி ஒருவர் தம் ஆயுள் சேமிப்பை முடக்குவது சரியல்ல.

“பஞ்சாயத்து அப்ரூவல்” என்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி இல்லாமல் மனைப்பிரிவை அங்கீகரிக்க ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. அத்தகைய மனையை வீட்டுமனையாகப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடையாக நிற்கிறது. எனவே, விவசாய நிலமாகச் சென்ட் கணக்கில் பத்திரம் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். பத்திரம் கைக்கு வந்தாலும் கட்டட அனுமதி கிடைக்காது. பின்னர் வரன்முறை, அதாவது அங்கீகாரமற்ற மனையை அரசு விதிப்படி முறைப்படுத்துவது, செய்துகொள்ளலாம் என்ற பேச்சும் எழும். ஆனால் அதற்கான 2017-ஆம் ஆண்டு விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளையே கணக்கில் கொள்கின்றன.

இனி பணக் கணக்கு. அங்கீகாரமற்ற மனைக்கு வங்கிக் கடன் கிடைக்காது என்பதால் 9 லட்சத்தையும் பத்திரச் செலவையும் நீங்களே கையிலிருந்து போட வேண்டும். அவசரத்துக்கு விற்க நினைத்தாலும், வாங்குபவருக்கும் கடன் கிடைக்காது. பாதி விலைக்குக் காரணம் இதுதான். மாறாக 18 லட்சம் மனைக்கு 25 சதவீதமான 4.5 லட்சத்தையும், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம் என்ற கணக்கில் சுமார் 1.62 லட்சத்தையும் நீங்கள் செலுத்தினால், கையில் ஏறக்குறைய 5.9 லட்சம் மிஞ்சும். மீதி 13.5 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 13,700 ரூபாய். உங்கள் சம்பளத்துக்கு இது தாங்கும். ஆனால் வெறும் மனைக்கடனின் வட்டிக்கு வருமான வரிச் சலுகை இல்லை. வீடு கட்டி முடித்த பிறகே அது பற்றிப் பேச முடியும். ஆகவே மூன்று ஆண்டுகளுக்குள் கட்டும் எண்ணம் இல்லையென்றால், அந்த மனையையும் இப்போது வாங்க வேண்டாம் என்பேன்.

வாங்குவதாக இருந்தால், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து நில உபயோகத்தை எழுத்துப்பூர்வமாகப் பெறுங்கள். மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளனவா என்பதையும், மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்பணம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான். அதையும் ரொக்கமாகத் தராமல், வங்கி வழியாக, ஒப்பந்தம் எழுதிய பின்னரே கொடுங்கள்.