பத்தாயத்தடியில் படுத்திருக்கும் செவலை

கேள்வி:

வணக்கம். எனக்கு 61 வயது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறேன். கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. பையன் பெங்களூரில். கும்பகோணம் சாலையில் வண்டி மோதிக் கிடந்த ஒரு நாட்டு நாயைத் தெரிந்தவர்கள் வைத்தியம் பார்த்துத் தேற்றி வைத்திருந்தார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று அழைத்து வந்தேன். பெட்டை, இரண்டு வயதிருக்கும். பெயர் செவலை.

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் நாள் பத்தாயத்துக்கு அடியில் போய்ப் படுத்ததுதான், நான் இருந்தால் வெளியே வராது. கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தாலும் என் எதிரில் தொடாது. ராத்திரி இரண்டு மணிக்கு எவர்சில்வர் தட்டு தரையில் இழுபடும் சத்தம் கேட்கும். காலையில் தட்டு காலி. முந்தாநாள் வாசல் கூட்டத் துடைப்பத்தை எடுத்தேன், படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டு, "இது ஒட்டாது பெரியம்மா, கொண்டுபோய் விட்டுடுங்க" என்கிறது. பையனும் அதையேதான் சொல்கிறான். அவர் இருந்திருந்தால் அவரிடம் ஒட்டியிருக்கும். என்னிடம் என்ன குறை? திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பதில்:

அம்மா, ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டு இழுபடுவது உங்களுக்கு எப்படிக் கேட்டது? அதற்கு அப்புறம் வருகிறேன்.

திருப்பிக் கொடுக்க வேண்டாம். பயந்த நாய் புது வீட்டில் தட்டைக் காலி செய்கிறதே, அது பெரிய விஷயம். நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: படபடப்பு அடங்க 3 நாள், வீட்டின் வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம்ம வீடு என்று தோன்ற 3 மாதம். அதைப் பஞ்சாங்கம் மாதிரி பார்க்காதீர்கள். அடிபட்ட நாய்க்கு இன்னும் இழுக்கும்.

பத்தாயத்தடிதான் இப்போது அதன் அறை. கையை விட்டு இழுக்காதீர்கள், குனிந்து எட்டியும் பார்க்காதீர்கள். உற்றுப் பார்த்தால் நாய்க்கு அது மிரட்டல். தினமும் ஒரே நேரத்தில், கொஞ்சம் தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கீரை ஆயுங்கள். இடையில் அவித்த முட்டைத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அது உதட்டை நக்கிக்கொண்டோ அடிக்கடி கொட்டாவி விட்டுக்கொண்டோ இருந்தால் பதற்றம் என்று அர்த்தம், இன்னும் நாலடி தள்ளிக்கொள்ளுங்கள்.

கறிக்குழம்பு வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சோறும் உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழியும் இப்போதைக்குப் போதும். துடைப்பத்தை யாராவது ஓங்கியிருக்கலாம். கொல்லையில் மறைத்து வையுங்கள். பயத்தில் போன மூத்திரத்துக்குத் திட்டாதீர்கள், துடைத்துவிட்டால் சரி. வேடிக்கை பார்க்க வரும் தெருவைத் திண்ணையோடு நிறுத்துங்கள். வாசல், கொல்லை இரண்டு கதவும் சாத்தியே இருக்கட்டும், இப்போது ஓடினால் கூப்பிட்டு வராது. வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டைத் தேற்றியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் விஷயம். "அவர் இருந்திருந்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இருந்திருந்தாலும் செவலை அங்கேதான் படுத்திருக்கும். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு உயிர் வந்தது, வந்ததும் ஒளிந்துகொண்டது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் அது உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்களை அதற்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். "இது ஒட்டாது" என்று தெரு சொன்னதை உங்களைப் பற்றிச் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தூக்கம் எட்டு மாதமாகவே இப்படியா, நாய் வந்த பிறகா? முன்பிருந்தே என்றால் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது, காசில்லை, தமிழிலேயே பேசலாம். பையனிடமும் நாய்ப் பேச்சை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்காதீர்கள். படுத்தபடியே இருங்கள், அது சாப்பிட்டு முடிக்கட்டும்.