கேன்டீன் போஸ்டரில் இருக்கும் நம்பர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மனைவியும் உங்கள் தளத்தைப் படிப்பவள். கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். வயது 41.

குடிப்பது எங்கள் பக்கம் பெரிய விஷயமில்லை. ஆனால் நான்கைந்து மாதமாகக் காலையிலும் குடிக்கிறேன். முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. எழுந்ததும் கை நடுங்குகிறது, மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவு பார்க்க முடியவில்லை. டாஸ்மாக் பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பதால் ராத்திரியே ஒரு கட்டிங் மிச்சம் வைத்துக்கொள்கிறேன். அது உள்ளே போனால்தான் கை நிற்கிறது.

எங்கள் கேன்டீனில் கை கழுவும் குழாய்க்கு மேலே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். மன அழுத்தம், கடன், குடி, எதுவானாலும் பேசலாம், ரகசியம் காக்கப்படும் என்று ஒரு நம்பர். எல்லோரும் வரிசையில் நிற்கிற இடம் அது. பக்கத்திலிருந்த மெனு போர்டைப் படம் எடுப்பதுபோல அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஹெச்.ஆருக்குப் போய்விடுமா? போன வருடம் ஒருவர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று சார்ஜ் மெமோ கொடுத்து, விசாரணை வைத்து, அனுப்பிவிட்டார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

போன கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருந்தேன். கழற்றிய மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. இந்த முறை மாலை போட்டு அப்படியே விட்டுவிடலாமா? மாமியார் வேறு, சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற பொடி ஒன்று கிடைக்கிறது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெயர் வேண்டாம், ஒரகடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் முதலில் கேட்டது அந்த நம்பரைப் பற்றி. ஆனால் மாலையையும் பொடியையும் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவை உயிர் சம்பந்தப்பட்டவை.

ஒரு மண்டலம் தொடாமல் இருந்தது சாதாரணமில்லை. உங்களால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் போன வருடம் உங்களுக்குக் காலை நடுக்கம் இல்லை. இப்போது இருக்கிறது. உடம்பு மதுவை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். இந்த நிலையில் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். வீட்டில் ‘காத்து கருப்பு’ என்று நினைத்து எங்காவது கூட்டிப்போய் நேரத்தை வீணாக்குவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகக்கூடிய நிலை அது. மருத்துவரின் கண்காணிப்பில், நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசெபாம் வகை மாத்திரைகளை முதலில் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். மாலையை அதற்குப் பிறகு தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம்.

பொடி விஷயத்தை இன்றைக்கே பேசி முடியுங்கள். அப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பல நேரம் விற்கிறவருக்கும் தெரியாது. அதில் குடியை விடுவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, தெரியாமல் மேலே நீங்கள் குடித்துவிட்டால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். அது நல்ல மருந்துதான். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்துக் கொடுக்கிற மருந்து. மாமியார் மேல் கோபப்படாதீர்கள், பாசத்தில்தான் சொல்லியிருப்பார். மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டலாம். காலையில் குடிப்பது அவருக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அப்படி இருக்க வாய்ப்பில்லை.

சரி, அந்த நம்பர்.

பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை நிறுவனம் நேரடியாக நடத்துவதில்லை. ஆலோசகர்களை வைத்திருக்கும் வெளி அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் கட்டிவிடும். ஊழியருக்குச் செலவில்லை, இத்தனை அமர்வு வரை இலவசம் என்று வைத்திருப்பார்கள். நிறுவனத்துக்கு அவ்வப்போது ஓர் அறிக்கை போகும். எத்தனை பேர் பேசினார்கள், அதில் கடன் எத்தனை, குடும்பம் எத்தனை, குடி எத்தனை என்ற எண்ணிக்கை அதில் இருக்கும், பெயர் இருக்கக் கூடாது. முறையாக நடத்தினால் இவ்வளவுதான். ஆனால் சில இடங்களில் போனை எடுப்பதே ஹெச்.ஆர். துறையில் உட்கார்ந்திருக்கும் நலப்பிரிவு அதிகாரியாக இருக்கும். நாற்பது பேர் வேலை செய்யும் கிளையில் ‘குடி: 1’ என்று அறிக்கை போனால், பெயரே வேண்டாம், யாரென்று தெரிந்துவிடும்.

அதனால் உங்கள் சொந்தப் போனிலிருந்து கூப்பிடுங்கள். கம்பெனி சிம் வேண்டாம், கம்பெனி மெயில் வேண்டாம். பெயரும் எம்ப்ளாயி நம்பரும் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்: நீங்கள் எங்கள் கம்பெனி ஆளா, வெளி ஆளா? நான் பேசுவதில் கம்பெனிக்கு எது போகும்? எழுதி வைப்பது யாரிடம் இருக்கும்? எந்தச் சூழ்நிலையில் என்னைக் கேட்காமல் வெளியே சொல்வீர்கள்? நல்ல ஆலோசகர் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வார். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால் என்று விதிவிலக்குகளை எடுத்துச் சொல்வார். ‘எதுவுமே வெளியே போகாது, கவலைப்படாதீங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெயரைக் கேட்கிறார் என்றால், வைத்துவிட்டு வேறு வழியில் போங்கள்.

வேறு வழிகள் நிறையவே இருக்கின்றன. 14416 டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். 14446 போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய உதவி எண். இரண்டுக்கும் உங்கள் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, கடந்த ஆண்டுகளில் அரசு தொடங்கிய ‘கலங்கரை’ மீட்பு மையங்களும் இருக்கின்றன. கட்டணம் கட்ட முடிந்தால் சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே குடும்பத்தினருக்கும் தனியாக வகுப்புகள் உண்டு. வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் ‘மறுவாழ்வு மையங்கள்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை என்று 23-ஆம் பிரிவு சொல்கிறது. (கஞ்சா, மாத்திரை என்று எனக்கு எழுதும் இளைஞர்களுக்காக ஒன்று: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம்.)

ரகசியத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1940-களில் அமெரிக்காவில் டூபான்ட் போன்ற பெரிய ஆலைகள் குடிக்கும் தொழிலாளிகளை மீட்கத் திட்டங்கள் தொடங்கின. குடிகாரரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மேற்பார்வையாளர்களிடம் விட்ட இடங்களில் முற்றிப்போனவர்கள்தான் சிக்கினார்கள். நடுக்கம் ஆரம்பித்த நிலையில் இருந்தவர் எல்லாம் வாயைக் கொப்பளித்துக்கொண்டு ஒளிந்தார். 1970-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த செனட்டர் ஹரோல்ட் ஹியூஸ் தானே குடியிலிருந்து மீண்டவர். சிகிச்சை ஆவணங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதினார்கள். பயம் இருக்கும்வரை ஆள் வரமாட்டான் என்பது அனுபவப்பட்டவருக்குத் தெரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வெளியிட்ட நடைமுறை விதிகளும் இதையேதான் சொல்கின்றன: இதை உடல்நலப் பிரச்சினையாகப் பாருங்கள், உதவி கேட்டு வந்தவரைப் பாகுபடுத்தாதீர்கள், ரகசியம் காத்திடுங்கள். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்பதையும் அவை மறுக்கவில்லை.

உங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். உதவி கேட்டதற்காக ஒருவரை நடவடிக்கைக்கு உட்படுத்துவது அநியாயம். ஆனால் குடித்த நிலையில் பிடிபட்ட பிறகு, ‘நான் ஆலோசனைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால் அது கேடயமாகாது. போன வருடம் வெளியே அனுப்பப்பட்டவருக்கு நடந்தது அதுவாகவே இருக்கலாம். உங்களுக்கு இன்னும் சார்ஜ் மெமோ வரவில்லை. இந்த வாரம் போவதும் மெமோ வந்த பிறகு போவதும் ஒன்றல்ல.

விடுப்புக்கு வருகிறேன். மருத்துவச் சான்றிதழில் நோயைப் பற்றிச் சுருக்கமாக எழுதித் தரும்படி மருத்துவரிடமே கேட்கலாம். ‘எங்கள் சிகிச்சையில் இருந்தார், இந்தத் தேதியிலிருந்து வேலைக்குத் தகுதியானவர்’ என்ற அளவில் பலர் எழுதித் தருவார்கள். லெட்டர்பேடில் மருத்துவமனை பெயரே காட்டிக்கொடுக்கும் என்ற கவலை இருந்தால் பொது மருத்துவமனையில் சேர்வது நல்லது. கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டை இதற்குப் பயன்படுத்த நினைத்தால் முதலில் பாலிசியைப் பாருங்கள். குடி, போதை சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்ற விலக்கு நிறைய பாலிசிகளில் இருக்கிறது. கிளைமுக்கு விண்ணப்பித்து அது நிராகரிக்கப்பட்டால் பணமும் வராது, காகிதம் மட்டும் நாலு மேஜைக்குப் போய்வரும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் அளந்து சரியென்று விடும் உதிரிபாகம் யாரோ ஒருவரின் வண்டியில் போய் உட்காருகிறது. காலையில் குடித்துவிட்டு இரு சக்கர வாகனத்தில் ஒரகடம் சாலையில் வருகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வருகிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள், கம்பெனி பஸ்ஸில் வாருங்கள். சிகிச்சைக்குப் போகும் நாள்வரை இறுதி ஆய்வில் கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து விலகி இருக்க முடியுமா என்று பாருங்கள். மேலதிகாரியிடம் காரணம் முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. ‘உடம்பு சரியில்லை சார், டாக்டரைப் பார்க்கப் போகிறேன், பத்து நாள் லீவு வேண்டும், அதுவரைக்கும் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இன்னொருவரைப் போடுங்கள்’ என்று சொன்னால் போதும். இதில் எதுவும் பொய்யில்லை.

இதைப் படிக்கும் ஹெச்.ஆர். நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த போஸ்டரைக் குழாய்க்கு மேலிருந்து எடுத்துக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நம்பரைக் குறித்துக்கொள்ளட்டும். போனை எடுப்பது யார், நிர்வாகத்துக்கு என்ன வரும், என்ன வராது என்பதைத் தமிழில் நாலு வரி அதிலேயே எழுதுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் அது பொருந்துமா என்று சொல்லுங்கள். தானாக வந்து உதவி கேட்டவர் மேல் அதற்காக நடவடிக்கை இல்லை என்று நிர்வாகியின் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள்.

தம்பி, மருத்துவரிடம் போகும்போது காலையில் குடிப்பதையும் எவ்வளவு என்பதையும் குறைக்காமல் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார். இதற்கு முன் எப்போதாவது வலிப்பு வந்ததா, சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். மனைவியைக் கூடவே கூட்டிப்போங்கள்.

அன்புடன்,
அக்கா