ஓட்டாண்டியின் கையில் இருந்தது என்ன?

கேள்வி (கொட்டாஞ்சேனை): காசைக் கண்டபடி செலவழித்தால் அம்மம்மா "ஓட்டாண்டியாப் போவாய்" என்று ஏசுவார். ஓட்டை விழுந்த ஆண்டியா?

பதில்: இல்லை, ஓட்டைக்கு இங்கே வேலையில்லை. ஓடு + ஆண்டி; ஓட்டு வீடு என்பதில் 'ட்' இரட்டித்தது போலத்தான். இந்த ஓடு திருவோடு, ஆண்டி பிச்சை வாங்கும் பாத்திரம். நல்ல திருவோடு கடல் தேங்காயின் ஓட்டைப் பிளந்து செய்தது. கறுப்பாக, சின்னத் தோணி மாதிரி, தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். அதன் சொந்த ஊர் சீசெல்ஸ் தீவுகள். மரத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, பேராதனைப் பூங்காவிலேயே நிற்கிறது. பழைய ஆண்டி எல்லாவற்றையும் தானாக விட்டவர், பழனி முருகனே ஆண்டிதானே. ஓட்டாண்டி என்று நாம் சொல்வதோ, சொத்தெல்லாம் கைவிட்டுப் போய் ஓடு மட்டும் மிஞ்சியவனை. அம்மம்மா பயந்தது அதற்குத்தான்.

கேள்வி (தெஹிவளை): தரித்திரம் தமிழ்ச் சொல்லா?

பதில்: வடசொல். ஓடுதலைக் குறிக்கும் 'த்ரா' என்ற வேரிலிருந்து வந்தது. ஓரிடத்தில் நில்லாமல் அலைபவன்தான் முதலில் தரித்திரன். சிங்களச் செய்தியில் வரும் 'தரித்ரதாவ' இதே சொல்தான். 'திளிந்து' என்பதும் அதுதான், தேய்ந்து வந்த வடிவம். நம் வீடுகளில் அது வசவாகிவிட்டது. கதிரையில் இருந்து காலாட்டினால் "ஆட்டாதே, தரித்திரம்!" என்று அதட்டல் வரும். வேர்ச்சொல் தெரிந்தவர்கள் அதட்டியது போலவே இருக்கிறது.

கேள்வி (வெள்ளவத்தை): அப்படியானால் நம்முடைய சொந்தச் சொல் எது?

பதில்: வறுமை. வறட்சி, வறுங்கை எல்லாம் அதன் உறவு: காய்ந்தது, வெறுமையானது. குறளின் 105ஆம் அதிகாரத்துக்குப் பெயர் நல்குரவு, அதுவும் வறுமைதான். ஆனால் குறளில் 'ஏழை' என்று கண்டதும் காசில்லாதவன் என்று எடுத்துவிடாதீர்கள். 873ஆம் குறளில் ஏழை என்பவன் அறிவில்லாதவன், தனியாளாக நின்று பலரைப் பகைத்துக்கொள்பவன்.

கேள்வி (பம்பலப்பிட்டி): வங்குரோத்து?

பதில்: கடனைக் கட்ட முடியாமல் போகும் நிலை. ஒல்லாந்த (டச்சு) மொழியில் 'பாங்க்ரூட்'. 1656 முதல் 1796 வரை கொழும்பு அவர்கள் கையில்தான் இருந்தது. இன்னும் பின்னால் போனால் இத்தாலிய மொழியில் 'உடைந்த பலகை', அதாவது காசு மாற்றுபவர் இருக்கும் வாங்கு (பெஞ்சு). 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நாடு நிறுத்தியபோது எங்கே பார்த்தாலும் இந்தச் சொல்தான். அந்த நாட்களில் சென்னை நண்பரிடம் தொலைபேசியில் "நாடு வங்குரோத்து" என்றேன். "அது எந்த வங்கி?" என்றார். 'திவால்' என்ற பிறகுதான் அவருக்கு விளங்கியது.